கார்த்திகைக் கவாத்து

பெரியப்பா எங்கள் மொட்டைமாடிக்கு வந்தது ஒரே ஒரு தடவைதான். நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை முகூர்த்தத்துக்காக, மல்லி விளைகிற நிலக்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார். காலையில் காபி குடித்த கையோடு மாடி ஏறினவர், என் குண்டுமல்லித் தொட்டிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். ஐந்தடிக்குக் கொடி மாதிரி ஓடி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கிடந்த செடி. பாதி உயரம் வரைக்கும் வெறும் குச்சி, நுனியில் மட்டும் கொஞ்சம் இலை. முந்தின கோடை முழுக்க அது கொடுத்த பூவை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

“இத எப்பத் தாயி கவாத்து பண்ணுன?”

“பண்ணதே இல்ல பெரியப்பா. நல்லா வளந்துட்டு இருக்கு, வெட்ட மனசு வரல.”

“வளந்து என்னத்துக்கு? பூ வேணாமா?” என்று கேட்டுவிட்டுக் கத்தரி கொண்டுவரச் சொன்னார். நான் கொடுத்த சமையலறைக் கத்தரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதை வைத்துவிட்டு, கீழே போய்த் தன் பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துவந்தார். மண்ணிலிருந்து முழங்கை உயரம் அளந்தார். அந்த உயரத்துக்கு மேல் இருந்ததெல்லாம் பத்து நிமிடத்தில் தரையில் கிடந்தது. மிச்சம் நின்ற குச்சிகளில் ஒட்டியிருந்த இலைகளையும் கையாலேயே உருவிப் போட்டார். காய்ந்ததையும் நோஞ்சானாக இருந்ததையும் அடியோடு எடுத்தார். கடைசியில் தொட்டியில் நின்றது பதினோரு குச்சி. எனக்குத் தொண்டை அடைத்தது. பெரியவரிடம் என்ன சொல்ல முடியும்?

“ரெண்டு கை தொழு உரம் போட்டு மண்ணக் கொத்திவிடு. பங்குனில போன் பண்ணு.”

தை முடியும்வரை அந்தப் பதினோரு குச்சியைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்காது. மாசியில் ஒவ்வொரு குச்சியின் மேல் கணுவிலும் எதிரும் புதிருமாக இரண்டு துளிர் கிளம்பியது. பங்குனி இரண்டாம் வாரம், துளிர் நுனிகளில் மூன்று மூன்றாக மொட்டு. நடுமொட்டு முதலில் பருக்கும், அது விரிந்தபின் பக்கத்து மொட்டுகள் இரண்டும் பருக்கும். இதை அதற்கு முன் நான் கவனித்ததே இல்லை, கவனிக்கிற அளவுக்குச் செடி பூத்ததும் இல்லை. சித்திரையில் ஒரு சாயங்காலம் பறித்து எண்ணினேன், முப்பத்தெட்டு. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு முப்பத்தெட்டு!

அன்றுவரை எனக்குச் செடியிடம் இரண்டு தனித்தனி ஆசைகள் இருந்தன. ஒன்று, அது புதராக, அழகாக நிற்க வேண்டும். இன்னொன்று, நிறையப் பூக்க வேண்டும். வெட்டினால் முதலாவது நடக்கும், இரண்டாவது கெடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரியப்பா ஊரில் யாருக்கும் இந்தப் பிரிவினை கிடையாது. மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய குச்சியில் வைக்காது. அப்படியானால் எத்தனை துளிர் நுனி இருக்கிறதோ அத்தனை பூங்கொத்து. நுனிகளைப் பெருக்கு என்றால் கிளைகளைப் பெருக்கு என்று அர்த்தம், கிளை பெருகினால் செடி தானாகவே குண்டாகிவிடும். இரண்டும் ஒரே வேலைதான்.

இது அவர் மட்டும் சொல்கிற கணக்கில்லை. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் விட்டுக் கவாத்து பண்ணத்தான் சொல்கிறது. பிச்சி என்கிற ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி இந்தக் கார்த்திகை வெட்டிலிருந்துதான் வருகிறது. வெட்டுக்கு முன்னால் தண்ணீரைக் குறைத்துச் செடியைக் கொஞ்சம் வாடவிடுவதும் வழக்கம். தொட்டியில் நான் ஒரு வாரம் குறைக்கிறேன், அதற்கு மேல் தொட்டி தாங்காது.

ஒரு நுனியை எடுத்தால் ஏன் கீழே இரண்டு கிளம்புகிறது? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாள் படுத்தியது. தேடிப் படித்ததில் ஒரு சோதனை மனசில் நின்றுவிட்டது. 1933-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் கென்னத் தீமன், ஃபோக் ஸ்கூக் என்ற இருவர் அவரை இனத்தைச் சேர்ந்த ஒரு நாற்றை எடுத்து, அதன் நுனியைக் கிள்ளினார்கள். எதிர்பார்த்தபடியே பக்க மொட்டுகள் வளர்ந்தன. இன்னொரு நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சின் என்ற வளர்ச்சிப்பொருள் கலந்த கூழ்க்கட்டியை வைத்தார்கள். நுனியே இல்லை, ஆனாலும் பக்க மொட்டுகள் அசையவில்லை. நுனிக்கொழுந்திலிருந்து கீழே இறங்கும் அந்தப் பொருள்தான் கணுக்களைத் தூங்க வைக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. பின்னாளில் இதற்கு மேலும் பல அடுக்குகள் இருப்பது வெளியே வந்தது. ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற இன்னொரு பொருளும் கிளைப்பதைத் தடுக்கிறது என்று 2008-இல் காட்டினார்கள். நுனி போனதும் அதற்குப் போய்க்கொண்டிருந்த சர்க்கரை கீழ்க்கணுவுக்குத் திரும்புவதும் ஒரு காரணம் என்கிறார்கள். மாடியில் நிற்கிற எனக்கு இதில் உபயோகப்படுவது ஒன்றுதான். கணுவில் மொட்டு ஏற்கெனவே இருக்கிறது. அதை நாம் உண்டாக்க வேண்டாம், எழுப்பினால் போதும்.

எழுப்புவதிலும் செடிக்குச் செடி வித்தியாசம் உண்டு, இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். இலை எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கிற செடிகள், அதாவது மல்லி, இட்லிப்பூ போன்றவை, வெட்டின இடத்தில் இரண்டு சமமான கிளை விடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, மூன்று கிள்ளலில் எட்டு நுனி. செடி தானாகவே சீராக உருண்டுவிடும். இலை மாறி மாறி வருகிற செம்பருத்தி, காகிதப்பூ, சாமந்தி இப்படிச் செய்யாது. வெட்டுக்குக் கீழே இருக்கிற முதல் கணு முந்திக்கொண்டு ஓடும், தானே புது நுனியாகி மற்றதைத் தூங்க வைத்துவிடும். அதனால் இவற்றை ஒரு தடவை வெட்டிவிட்டு உட்காரக்கூடாது. புதுக்கிளை விரல் நீளம் வந்ததும் அதன் கொழுந்தையும் கிள்ளவேண்டும், அடுத்ததையும் கிள்ளவேண்டும். வெட்டும்போது எந்தப் பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே வெட்டுகிறோம் என்பதும் முக்கியம். வெளிப்பக்கம் பார்த்த கணு என்றால் கிளை வெளியே போகும், நடுவில் காற்றோட்டம் இருக்கும். உட்பக்கக் கணு என்றால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், மாவுப்பூச்சி அங்கேதான் குடும்பம் நடத்தும்.

கிள்ளுகிற ஒவ்வொரு தடவையும் பூ தள்ளிப்போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இட்லிப்பூ கிளையின் நுனியிலேயே கொத்து வைக்கிறது. நுனி கூம்பி மொட்டாகத் திரளும்போது கிள்ளினால் அந்தக் கொத்து போனதுதான். கிள்ளுகிற காலம், நிறுத்துகிற காலம் என்று இரண்டு உண்டு. பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு அது மாசக்கணக்கில் மனப்பாடம், எனக்குச் சுவரில் மாட்டிய நாள்காட்டியில் பென்சிலால் குறித்தால்தான் நடக்கிறது.

சரி, காகிதப்பூவுக்கு வருகிறேன். என்னிடம் இருக்கிற எல்லாச் செடியிலும் அதிகம் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

வாங்கி வந்தபோது பத்து அங்குலத் தொட்டியில், கை நிறைய மஜந்தா நிறத்தில் ஜொலித்தது. நல்லது பண்ணுகிறேன் என்று பாதி டிரம்முக்கு மாற்றினேன். செம்மண், மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு என்று பஞ்சு மாதிரிக் கலவை. தினமும் தண்ணீர். வாரம் ஒரு முறை கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீர். செடி என்னை ஏமாற்றவே இல்லை, நான் கேட்டதைத்தான் கொடுத்தது. ஒன்பதடிக்குச் சாட்டை சாட்டையாகக் கிளை, உள்ளங்கை அகலத்துக்கு இலை, விரல் நீள முள். ஒரு வருடம் ஒரு பூ இல்லை.

கடலைப் புண்ணாக்கில் இருப்பது பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். தழைச்சத்தும் தண்ணீரும் தடையில்லாமல் கிடைத்தால் காகிதப்பூ வளர்ந்துகொண்டே போகும், பூக்க வேண்டிய அவசியம் அதற்கு வராது. ஒரு நாள் முள்ளை அருகில் வைத்துப் பார்த்தேன். இலைக்காம்பு தண்டோடு சேருகிற இடுக்கில்தான் முள் உட்கார்ந்திருக்கிறது. பூத்த செடியில் பூங்கொத்து கிளம்புவதும் அதே இடுக்கிலிருந்து. படித்துப் பார்த்ததில், இரண்டும் ஒரே உறுப்பு, செடி இருக்கிற நிலையைப் பொறுத்து அது முள்ளாகவோ பூங்கொத்தாகவோ ஆகிறது என்று தெரிந்தது. என் ஒன்பதடிச் சாட்டையில் ஒவ்வொரு முள்ளும் பூத்திருக்க வேண்டிய ஓர் இடம்! அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன்.

டிரம்மிலிருந்து எடுத்து, வேரைச் சுற்றி ஓர் அங்குலம் சீவிவிட்டு, பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்குத் திரும்ப வைத்தேன். கலவையில் மணலைக் கூட்டினேன். சாட்டைகளை இரண்டடிக்குக் குறைத்தேன். புதுக்கிளை ஒரு சாண் வந்ததும் நுனியைக் கிள்ளினேன். நீண்ட இரண்டு கிளைகளை மட்டும் வெட்டாமல் வைத்து, தேங்காய்க் கயிற்றால் வளைத்துத் தொட்டி விளிம்பில் படுக்கவாட்டில் கட்டினேன். நிமிர்ந்து நிற்கிற கிளையில் நுனிக்குத்தான் அதிகாரம். கிளையைப் படுக்க வைத்துவிட்டால் அந்த அதிகாரம் தளர்ந்துபோகும், மேல்பக்கம் இருக்கிற கணுக்கள் வரிசையாக எழும். வெட்டாமலே கிளை பெருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கிளை முற்றி மரமாகிவிட்டால் முறிந்துவிடும், இன்னும் பச்சை மாறாத கிளையாகப் பார்த்துக் கட்ட வேண்டும். கயிறு கிளையை இறுக்காமல் எட்டு வடிவில் விட்டுக் கட்ட வேண்டும்.

அப்புறம் தண்ணீர். வேர் பிடிக்கும்வரை ஒழுங்காகக் கொடுத்தேன். ஐப்பசி மழை முடிந்ததும் நிறுத்திவிட்டேன். இலை லேசாகத் துவண்டு தொங்கும், அப்போது ஒரு செம்பு. மறுபடி துவளும்வரை இல்லை. பார்க்கிற வீட்டுக்காரம்மா “ஏங்க, செடி காயுதே” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். தையில் ஆரம்பித்தது. இலையே தெரியாத அளவுக்கு. நாம் பூ என்று சொல்கிற வண்ணத் தாள் பூவே இல்லை, நிறம் மாறிய இலை. மூன்று தாள் சேர்ந்த ஒரு கூட்டுக்குள்ளே மூன்று சின்ன வெள்ளைக் குழாய் இருக்கும் பாருங்கள், அதுதான் பூ. குழாய் வாடி உதிர்ந்த பிறகும் தாள் வாரக்கணக்கில் நிற்கும். அதனால்தான் இந்தச் செடி இவ்வளவு நாள் பூத்திருப்பதுபோல் தெரிகிறது.

எல்லாரும் நம் ஊர்ச் செடி என்று நினைக்கிற இது தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடி 1766-இல் உலகைச் சுற்றக் கிளம்பியபோது கூடப் போன தாவரவியலாளர் கொமெர்சோன், பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இதைப் பார்த்துத் தலைவன் பெயரை வைத்தார். அவருக்கு உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ழான் பாரே, உலகைச் சுற்றி வந்த முதல் பெண் என்று இன்று அறியப்படுகிறார். செடிக்கு அந்தப் பெண்ணின் பெயரை வைத்திருக்கலாம் என்று ஒவ்வொரு தையிலும் நினைத்துக்கொள்கிறேன்.

இதையெல்லாம் செய்தும் பூக்கவில்லை என்று எனக்கு வருகிற போன்களில் பாதி, வெயில் இல்லாத பால்கனியிலிருந்து வருகிறது. வெயிலுக்கு ஈடாக எந்த உரமும் கிடையாது. அதிலும் சென்னையில் ஒரு விசேஷம் இருக்கிறது. நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 பாகையில் இருக்கிறோம். ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதற்கப்புறம் உச்சியைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் 18 வாக்கில்தான் திரும்புகிறது. நம் கணக்கில் சித்திரை பத்துத் தேதியிலிருந்து ஆவணி பிறக்கும்வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கம். மற்ற எட்டு மாதம் தெற்குப் பக்கம். மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்திருப்பதால், தெற்கு பார்த்த பால்கனியில் வெயில் கூடம் வரை உள்ளே வரும். அதே பால்கனி வைகாசியில் வெளியே நெருப்பாகக் கொளுத்தும்போது நிழலாக இருக்கும்.

என் சித்தி மகள் வேளச்சேரியில் தெற்கு பால்கனி வீட்டில் இருக்கிறாள். “அக்கா, டிசம்பர்ல நல்ல வெயில்னுதான் மல்லி வச்சேன். ஏன் பூக்க மாட்டேங்குது?” என்று கேட்டாள். மல்லிக்கு வெயில் வேண்டியது பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும். அந்த மாதங்களில்தான் அவள் பால்கனியை விட்டு வெயில் விலகுகிறது. மல்லியை மாடிக்கு ஏற்றிவிட்டு, அந்த இடத்தில் தையிலும் மாசியிலும் பூக்கிற காகிதப்பூவை வைக்கச் சொன்னேன். இரண்டும் பிழைத்தன. பால்கனி எந்தத் திசை என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், எந்த மாதம் எத்தனை மணி நேரம் வெயில் தரையில் விழுகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்துவிட்டுச் செடி வாங்குங்கள். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக விழுகிற இடத்தில் பூச்செடி வைத்துச் செடியை வதைக்காதீர்கள். இலை அழகுக்காக வளர்க்கிற மணி பிளான்ட், குரோட்டன் எல்லாம் இருக்கவே இருக்கின்றன.

தொட்டிகளை நெருக்கி வைப்பதும் செடியை ஒல்லியாக்கும். பச்சை இலை சூரிய ஒளியில் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அடுத்து நம் கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் இருக்கிற ஒளியைத் திருப்பி வீசும். பக்கத்துச் செடி அந்த ஒளி தன்மேல் படுவதை வைத்தே ஆள் நெருங்கிவிட்டான் என்று தெரிந்துகொள்ளும். உடனே கிளை விடுவதை நிறுத்திவிட்டு மேலே ஓடும். நிழல் விழுவதற்கு முன்பே இது நடந்துவிடும். தொட்டிகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விட்டபிறகு என் செம்பருத்தி அடியிலிருந்தே இலையோடு நிற்கிறது. பத்து தொட்டி வைக்கிற இடத்தில் ஏழு போதும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, நர்சரி வாசலைத் தாண்டும்போது எனக்கும் மனசு அலைபாயத்தான் செய்கிறது.

சாமந்தி விஷயம் தனி. இரண்டு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு ஒரு தொட்டிச் சாமந்தி வாங்கினேன். ஒரு சாண் உயரம், குடை கவிழ்த்தமாதிரி மஞ்சள். பூ முடிந்ததும் வெட்டிவிட்டேன், அடியிலிருந்து பக்கக்கன்றுகள் வந்தன, தனித்தனியாக நட்டேன். வந்ததெல்லாம் இரண்டரை அடிக்கு நெட்டையாக வளர்ந்து சாய்ந்தன. நட்டதில் தப்பில்லை. விற்பனைக்கு வளர்க்கிற இடங்களில் செடியின் நீளத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளிப்பது வழக்கம். அதன் வீரியம் போனதும் செடி தன் இயல்புக்கு வந்துவிடும். மாந்தோப்புகளில் ஊற்றுகிற பாக்லோபூட்ரசாலும் இதே ரகம்தான், செடியை நீளவைக்கும் ஜிப்ரலின் உற்பத்தியைத் தடுக்கும். மண்ணில் ரொம்ப நாள் தங்கும் என்பதால் நான் என் தொட்டிக்குள் விடுவதில்லை. கிள்ளினாலே போதும். நட்டு நான்கு வாரத்தில் முதல் கிள்ளல், பக்கக்கிளை விரல் நீளம் வந்ததும் அடுத்தது. ஆடி, ஆவணி இரண்டு மாதமும் கிள்ளினேன், செடி பந்து மாதிரி ஆனது.

ஆனால் ஐப்பசி வந்தும் மொட்டு இல்லை. கார்த்திகை பிறந்தும் இல்லை. ஒரே வயதுள்ள நான்கு தொட்டி. அதில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்த ஒன்றில் மட்டும் பட்டாணி அளவு மொட்டுகள். மற்ற மூன்றும் தெருப்பக்கம். அந்த வருடம் தெருவிளக்கை வெள்ளை எல்.இ.டி.யாக மாற்றியிருந்தார்கள், வெளிச்சம் நேராக மாடியில் அடித்தது.

சாமந்திக்கு நீண்ட இரவு வேண்டும், இருட்டு நடுவில் கலையக்கூடாது. 1920-இல் அமெரிக்க வேளாண் துறையில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் புகையிலையையும் சோயாவையும் வைத்து, பூப்பது பகல் நீளத்தைப் பொறுத்தது என்று எழுதினார்கள். அளக்கப்படுவது இருட்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. நடுராத்திரியில் கொஞ்ச நேரம் விளக்குப் போட்டாலே இந்த வகைச் செடிகள் பூப்பதைத் தள்ளிவைக்கும். ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் சாமந்தி வளர்ப்பவர்கள், தண்டு நீளும்வரை பூ வரக்கூடாதென்று ராத்திரியில் விளக்கு எரிய விடுவது இதனால்தான். அவர்கள் வேண்டுமென்று செய்வதை என் தெருவிளக்கு கேட்காமலே செய்துகொண்டிருந்தது. மூன்று தொட்டியையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருட்டில் வைத்தேன். நான்காவது வாரம் மூன்றிலும் மொட்டு தெரிந்தது. பூ பொங்கல் தாண்டித்தான் விரிந்தது, பரவாயில்லை.

பாலைவன ரோஜா என்கிற அடீனியத்துக்கும் இதே கத்தரிதான். நுனியில்தான் பூக்கும், வெட்டினால் ஒரு நுனி இரண்டு மூன்றாகும். வெட்டினால் பால் வடியும், அது விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவியிருக்கிறார்கள். கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். மழைக்காலத்தில் வெட்டக்கூடாது, வெட்டுவாய் வழியாகவே அழுகிவிடும். மாசி, பங்குனி வெயிலில் வெட்டினால் ஒரே நாளில் காய்ந்து மூடிக்கொள்ளும். மறுதொட்டி மாற்றும்போது ஒவ்வொரு முறையும் கிழங்கை ஓர் அங்குலம் மேலே தூக்கி வைத்தால், சில வருடத்தில் யானைக்கால் மாதிரி அழகாக வெளியே தெரியும்.

நர்சரியில் வாங்குகிற பல செடிகள் ராஜமுந்திரிப் பக்கம் கடியத்திலிருந்து லாரியில் வருபவை. உறையைப் பிரித்தால் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை, கல் மாதிரி. அதை அப்படியே நம் பொலபொலப்பான கலவையில் வைத்தால், ஊற்றுகிற தண்ணீர் பக்கவாட்டில் இறங்கிப்போகும், உருண்டைக்குள் போகாது. இல்லையென்றால் உருண்டைக்குள் போனது வெளியே வராது. வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, விரலால் களிமண்ணை மெல்லக் கரைத்து, பாதியாவது எடுத்துவிட்டு நடுகிறேன். ரோஜாவில் மட்டும் ஜாக்கிரதையாக, வேரை அதிகம் கலைக்காமல். இரண்டு மாதத்தில் செத்துப்போகிற செடிகளில் பல சாவது உரம் போதாமல் இல்லை, இந்த உருண்டையால்தான்.

உரத்தைப் பற்றி நிறைய பேர் நிறைய எழுதுகிறார்கள், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். கவாத்து பண்ணினதும் தழைச்சத்து வேண்டும், துளிர் வரவேண்டும் அல்லவா. துளிர் முற்ற ஆரம்பித்ததும் அதைக் குறைத்துவிட வேண்டும். வாழைப்பழத்தோல் ஊறிய தண்ணீரில் கொஞ்சம் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், இருக்கும், அதை மட்டும் நம்பி ஒரு தொட்டியை ஓட்ட முடியாது. எங்கள் போர் தண்ணீர் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது, இட்லிப்பூ இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாகிறது. அது இரும்புச்சத்துக் குறைவு, உப்புத் தண்ணீரும் சுண்ணாம்பும் மண்ணை மாற்றுவதால் வருவது. அந்தத் தொட்டியில் அடுப்புச் சாம்பல் போட்டால் இன்னும் மோசமாகும். ஐப்பசி மழை நாலு நாள் நனைத்ததும் அதே செடி கரும்பச்சையாகிவிடுவதைப் பார்த்தபிறகு, இரண்டு டிரம் மழைத்தண்ணீர் பிடித்து இட்லிப்பூவுக்கென்று தனியாக வைத்திருக்கிறேன்.

இந்த வருடமும் கார்த்திகை வந்துவிட்டது. குண்டுமல்லி இப்போது மூன்று தொட்டி, இரண்டு பதியம் போட்டு எடுத்தவை. போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டு முதல் தொட்டியை அவள் கையாலேயே வெட்டச் சொன்னேன். இரண்டு கிளை வெட்டிவிட்டு நிமிர்ந்து, “அம்மா, இதுல ஒரு மொட்டு இருக்கும்மா” என்றாள். காலம் தப்பி வந்த ஒற்றை மொட்டு. அதைக் கிளையோடு வெட்டித் தண்ணீர் டம்ளரில் வைத்தோம். மிச்சத்தை முழங்கை உயரத்துக்குக் குறைத்து, இலையை உருவினோம். இருபத்தாறு குச்சி.

பெரியப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி, எங்கும் கிளம்புவதில்லை. சாயங்காலம் போன் பண்ணினேன். பூத்ததா என்று அவர் எப்போதும் கேட்க மாட்டார்.

“வெட்டிட்டியா தாயி?”

“வெட்டியாச்சு பெரியப்பா.”

“எலய உருவுனியா?”

“உருவியாச்சு.”

“சரி, ஒரு வாரம் தண்ணி கம்மியா விடு. பெறகு எருவ வையி” என்றார்.